குழாய் எங்கே போகிறது?

1

சென்ற மாதம் நம் நண்பர்கள் ஏழெட்டுப் பேர் ராயபுரத்தில் ஒரு மொட்டைமாடியில் கூடியிருந்தபோது விஞ்ஞானப் புனைகதை பற்றிப் பேச்சு வந்தது. வழக்கம்போல் அது சுஜாதாவில் ஆரம்பித்து சுஜாதாவிலேயே முடிந்துவிடும் போலிருந்தது. அந்த நேரத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். பிளாஸ்டிக் பொம்மைக் கற்களால் விண்கலங்களும் யந்திர மனிதர்களும் வேற்றுக்கிரக நகரங்களும் கட்டுகிற பெரியவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள் என்றும், அவர்கள் செய்வதில் நல்லது கெட்டது பிரித்துப் பேச இடமிருக்கிறது என்றும், அப்படிப் பேசுவது நமக்குப் பிரயோஜனப்படும் என்றும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நான் மதிக்கிற விமர்சகர் ஒருவர் மூன்றே வாக்கியங்களில் விஷயத்தைத் தீர்த்துக் கட்டினார். அது குழந்தைகள் சமாச்சாரம். அது பன்னாட்டுக் கம்பெனியின் சரக்கு. அது மேற்கத்திய சினிமாவின் எச்சில். அதற்குள் டீ வந்துவிட்டது.

டீ வந்துவிட்டதால் ஒரு விவாதம் முடிந்துவிட்டதாக அர்த்தமில்லை. ஆகவே எழுதுகிறேன். நண்பரின் மூன்று வாக்கியங்களும் முழுப் பொய்யல்ல. முழுப் பொய்க்கு யாரும் பதில் எழுத வேண்டியதில்லை. மூன்றும் அரை உண்மைகள். அரை உண்மையைச் சொல்லிவிட்டு எழுந்து போகிற பழக்கம் நம் விமர்சனத்தில் வேரூன்றிவிட்டது. அதுதான் என்னை உறுத்துகிறது.

ஒரு சொல் விளக்கம். 'பில்டிங் பிளாக்ஸ்', 'லெகோ' என்றெல்லாம் பிள்ளைகள் சொல்வதை நான் கல் என்றே எழுதப்போகிறேன். மேலே இருக்கும் மேடுகளைக் குமிழ் என்கிறேன்.

2

குழந்தைகள் சமாச்சாரம் என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம்.

டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற ஊரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சென் என்ற தச்சர் 1932-ல் மரப்பொம்மை செய்ய ஆரம்பித்தார். 1934-ல் 'நன்றாய் விளையாடு' என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களைச் சுருக்கி லெகோ என்று பெயர் வைத்தார். 1949-ல் வந்த பிளாஸ்டிக் கல் அவர்கள் மூளையில் உதித்ததல்ல. ஹிலாரி ஃபிஷர் பேஜ் என்ற ஆங்கிலேயர் முன்பே செய்திருந்த கல்லைப் பார்த்துச் செய்தது. அந்தக் கல்லில் ஒரு குறை இருந்தது. ஒன்றின்மேல் ஒன்று உட்காரும், ஆனால் பிடிக்காது. குழந்தை தூக்கினால் சரிந்துவிடும். 1958 ஜனவரி 28-ல் ஓலேயின் மகன் கோட்ஃப்ரெட் பதிவு செய்த காப்புரிமை இந்தக் குறைக்கானது. கல்லின் அடிவயிற்றில் வெற்றுக் குழல்களை வைத்தார்கள். கீழ்க்கல்லின் குமிழ்கள் மேற்கல்லின் குழலுக்கும் சுவருக்கும் இடையில் இறுகின. எந்த நிலையில் வைத்தாலும் பிடிக்கும், வேண்டும்போது கழலும். அன்று வார்த்த கல் இன்று வார்த்த கல்லோடு பொருந்துகிறது.

குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீட்டர். கல்லின் உயரம் 9.6. தட்டைக்கல்லின் உயரம் அதில் மூன்றில் ஒன்று, 3.2. இவ்வளவுதான் இலக்கணம். எட்டுக் குமிழ்க் கல் இரண்டை 24 விதமாகப் பொருத்தலாம். ஆறு கற்கள் என்றால் 91,51,03,765 விதம் என்று கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்துக் கணித ஆசிரியர் ஸோரென் ஐலர்ஸ் 2005-ல் கணக்கிட்டுச் சொன்னார். கம்பெனி அதற்குமுன் பல வருஷங்களாகச் சொல்லிவந்த எண்ணிக்கை இதில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்குதான்.

இந்த எண்ணைக் காட்டிப் பிரமிக்கிற கட்சியல்ல நான். தொண்ணூற்றொரு கோடியில் தொண்ணூறு கோடி வெறும் குவியல். அகராதியில் இருக்கிற சொற்களை எத்தனை விதமாகவும் அடுக்கலாம் என்பதால் நம்மில் யாரும் கவிஞனாகிவிடவில்லை. நான் சொல்ல வருவது வேறு. சின்ன அலகு, கண்டிப்பான இணைப்பு விதி, அதற்குள் எல்லையற்ற சாத்தியம். இந்த மூன்றும் சேர்ந்த ஒரு சாதனத்தை நாம் இரண்டாயிரம் வருஷமாக அறிவோம். சீர், தளை, அடி என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம். யாப்பைக் குழந்தைகள் சமாச்சாரம் என்று நண்பர் சொல்வாரா? சொல்லமாட்டார். புலவர்கள் சமாச்சாரம் என்பார்.

பொம்மை என்பதாலேயே ஒன்று தாழ்ந்துவிடுமென்றால் நவராத்திரிக்கு ஒன்பது நாள் நம் வீடுகளில் படிகட்டி வைக்கிறோமே, அது என்ன? படிகளுக்குக் கீழே மணலைப் பரப்பி, கேழ்வரகு முளைக்கவைத்துப் பசும்புல் காட்டி, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, பக்கத்தில் ஒரு ரயிலையும் ஓடவிட்டுப் பிள்ளைகள் 'பார்க்' வைப்பார்கள். அதைச் சுற்றி நின்று பெரியவர்கள் நிஜமான ரசனையோடு, நிஜமான பொறாமையோடு பேசுவதைக் கேட்டிருக்கிறேன். கண்ணாடித் துண்டு குளமாக மாறுகிற அந்தக் கணம்தான் விஷயம். கண்ணாடி என்றும் தெரிகிறது, குளம் என்றும் தெரிகிறது. இரண்டில் எதை மறந்தாலும் ரசனை போயிற்று.

மறுபக்கத்துக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. நாசாவின் ஜூனோ கலம் 2011-ல் வியாழனை நோக்கிக் கிளம்பியபோது அலுமினியத்தில் செய்த மூன்று லெகோ உருவங்களையும் கொண்டு போனது: ஜூபிடர், ஜூனோ, கலிலியோ. இதைச் சொல்லிக் கலையாக்கிவிடப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அது விளம்பரம். விளம்பரம் வியாழன் வரை போனாலும் விளம்பரம்தான்.

3

பன்னாட்டுக் கம்பெனியின் சரக்கு. ஆமாம். விலையும் அநியாயம். நான் வங்கி குமாஸ்தா, கூட்டல் கழித்தல் தெரியும். பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆயிற்று, 2023-ல் 70 ஆயிற்று. 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பொம்மையை இங்கே விற்கக்கூடாது. என் கவுன்டரில் கம்மலை அடகு வைக்க வருகிற காசிமேட்டுப் பெண் தன் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கிற பொருளல்ல இது. இதை மறைத்துக்கொண்டு அழகியல் பேசினால் அது அயோக்கியத்தனம்.

ஆனால் கம்பெனி வேறு, கல் வேறு. கல்லின் உருவத்தையே தன் வணிகச் சின்னமாக வைத்துக்கொள்ள வேண்டுமென்று லெகோ ஐரோப்பிய நீதிமன்றம்வரை போயிற்று. 2010 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. அந்த உருவம் ஒரு தொழில்நுட்பக் காரியத்தைச் செய்வதற்காக அமைந்தது, ஆகவே அதைச் சின்னமாக ஒருவர் நிரந்தரமாகப் பிடித்துவைக்க முடியாது என்றது நீதிமன்றம். காப்புரிமைக் காலமும் எப்போதோ முடிந்துவிட்டது. குமிழும் குழலும் பொதுச் சொத்து. பேஜிடமிருந்து வந்தது ஊருக்குத் திரும்பிவிட்டது. என்னிடம் இருப்பதில் பாதி யார் வார்த்தது என்றே தெரியாத கற்கள். பழைய சாமான் கடையில் பையோடு நிறுத்து வாங்கியவை. நிறம் கொஞ்சம் வெளிறியிருக்கும், பிடிப்பு கொஞ்சம் தளர்ந்திருக்கும். வெண்பா யாருக்குச் சொந்தம் என்று யாரும் கேட்பதில்லை.

'நம் மண்ணுக்கு அந்நியம்' என்றும் நண்பர் முணுமுணுத்தார். நம் மண் எது? திருவொற்றியூரில் 1946-ல் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்து தொடங்கியதுதான் எம்.ஆர்.எஃப். டயரெல்லாம் பிற்பாடு. அதே கம்பெனி 1987-ல் அமெரிக்க ஹாஸ்ப்ரோவோடு சேர்ந்து ஃபன்ஸ்கூல் என்ற பொம்மைக் கம்பெனியைத் தொடங்கியது. லெகோவையும் அது இங்கே விநியோகித்தது. பட்டினத்தார் அடங்கிய ஊரில் பலூன் ஊதியிருக்கிறார்கள். இதில் எது மண், எது அந்நியம் என்று பிரிக்கிற கத்தி என்னிடம் இல்லை.

எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நிற்கிற கன்டெய்னர் லாரிகளைப் பார்க்காமல் நம்மில் யாரும் வேலைக்குப் போனதில்லை. சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் 1983-ல் வந்தது. இருபதடிப் பெட்டி 6.06 மீட்டர் நீளம், 2.44 அகலம், 2.59 உயரம், எட்டு மூலைகளிலும் ஒரே மாதிரி இரும்பு வாய், அதில் ஒரு பூட்டைத் திருகினால் உலகத்தின் எந்தப் பெட்டியும் எந்தப் பெட்டியோடும் பிணையும். உள்ளே என்ன இருக்கிறதென்று பெட்டிக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைக் கல்லில் கட்டிப் பார்த்தேன். ஐம்பதில் ஒரு பங்காகச் சுருக்கினால் நீளம் 15 குமிழ், அகலம் 6 குமிழ், உயரம் ஐந்து கல்லும் ஒரு தட்டையும். ஒரு மில்லிமீட்டர் முன்பின்னாக உட்கார்ந்துவிட்டது. இதில் மாயமில்லை. இரண்டும் ஒரே சிந்தனையிலிருந்து பிறந்தவை: அலகை நிர்ணயி, இணைப்பை நிர்ணயி, பிறகு உலகத்தை அடுக்கு. லெகோவின் காப்புரிமை 1958. முதல் கன்டெய்னர் கப்பல் அமெரிக்காவில் கிளம்பியது 1956. நம் தெருவை மாற்றிப்போட்ட அந்தச் சிந்தனையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க ஒரு சாதனம் கிடைக்கிறது. நண்பர் வேண்டாம் என்கிறார்.

கம்பெனியைத் திட்டவேண்டிய இடம் வேறு. 1978-ல் அவர்கள் கொண்டுவந்த விண்வெளி வரிசையில் நீலம், சாம்பல், மஞ்சள் கலங்களும், சிரித்த முகத்தோடு சின்ன மனிதர்களும் இருந்தார்கள். கதை கிடையாது, எதிரி கிடையாது. பெட்டியின் பின்புறத்தில் அதே கற்களால் கட்டக்கூடிய வேறு கலங்களின் படங்கள் இருக்கும். எப்படிக் கட்டுவது என்ற குறிப்பு இருக்காது. நீயே பார்த்துக்கொள். 1999-ல் 'ஸ்டார் வார்ஸ்' உரிமை வாங்கினார்கள். அதன்பிறகு பெட்டி என்றால் ஒரு கலம், அதற்கு ஒரு கையேடு, கையேட்டின் கடைசிப் பக்கத்தில் முற்றுப்புள்ளி. 2017-ல் வந்த மில்லேனியம் ஃபால்கன் பெட்டியில் 7,541 துண்டுகள். அத்தனையையும் கையேட்டின்படி பொருத்தி, கண்ணாடி அலமாரியில் வைத்து, எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று சொல்லிக்கொள்கிறார்கள். கோனார் நோட்ஸை மனப்பாடம் செய்து பரீட்சையில் அப்படியே இறக்கிவைத்தவனை நாம் கவிஞன் என்பதில்லை. இவர்களை மட்டும் ஏன் கலைஞர்கள் என்கிறார்கள்? நண்பரின் ஏளனம் இவர்கள்மேல் இறங்கியிருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். அவருக்கு இவர்களுக்கும், கற்களைக் கொட்டி வைத்துக்கொண்டு இல்லாத ஒன்றைத் தேடுகிறவனுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

4

சினிமாவின் எச்சில் என்ற மூன்றாவது வாக்கியம்தான் கனமானது. அதற்குத்தான் நான் அங்கேயே பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தெரியவில்லை. தெரிந்துகொண்டது அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை.

1977-ல் 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்குக் கலங்கள் செய்தவர்கள் கடையில் விற்கிற டாங்கி, போர்க்கப்பல் மாதிரிப் பெட்டிகளை வாங்கி, அவற்றின் உதிரித் துண்டுகளைக் கலத்தின் மேற்பரப்பில் அள்ளி ஒட்டினார்கள். எந்தத் துண்டுக்கும் எந்த வேலையும் கிடையாது. ஆனால் வழவழவென்ற பரப்பு திடீரென்று பிரம்மாண்டமாகிவிடும். கண் ஒவ்வொரு புடைப்பிலும் தடுக்கி நின்று 'இது பெரிது' என்று நம்பிவிடும். இந்த உபயோகமற்ற நுணுக்கத்துக்கு அவர்கள் 'கிரீபிள்' என்று பெயர் வைத்தார்கள். கல்லால் கட்டுகிறவர்களும் அதை எடுத்துக்கொண்டார்கள். குழாயடித் துண்டு, சக்கர அச்சு, சின்ன மனிதனின் கைக்கருவி எல்லாம் கலத்தின் விலாவில் ஏறின. இதுவரை நண்பர் சொன்னது சரி.

இங்கேதான் கல் சினிமாவிலிருந்து விலகுகிறது. சினிமாக்காரன் ஒட்டியதும் பெயின்ட் அடித்துவிடுவான். டாங்கியின் துண்டு என்று நமக்குத் தெரியக்கூடாது. கல்லால் கட்டுகிறவனுக்குப் பெயின்டும் கிடையாது, பசையும் கிடையாது. நல்ல கட்டுமானக்காரர்கள் இரண்டையும் பாபமாகக் கருதுகிறார்கள். காரின் சக்கர வளைவு கலத்தின் புகைவாயாக உட்கார்ந்திருந்தால் இரண்டும் ஒருசேரத் தெரிகிறது. மறைக்காத உவமை என்று இதைச் சொல்வேன். நம் கவிதைகளில் எத்தனை உவமைகள் பெயின்ட் அடித்து வருகின்றன என்று யோசித்துப் பார்க்கலாம்.

இவ்வளவையும் நான் முன்பே யோசித்து வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை எர்ணாவூரில் அக்கா வீட்டுக்குப் போனபோது இந்த மமதையோடுதான் போனேன். அக்கா மகனுக்குப் பதின்மூன்று வயது. நான் நிறுத்து வாங்கிய பைகளில் ஒன்றை அவனுக்குக் கொடுத்திருந்தேன். அவன் ஒரு கலம் கட்டி வைத்திருந்தான். நாற்பது குமிழ் நீளம், ஒன்றேகால் சாண் இருக்கும். பையில் கிடைத்த நிறமெல்லாம் அதில் இருந்தது. அடிப்பக்கம் முழுக்க மூக்கிலிருந்து வால்வரை சாம்பல் நிற உருளைத் துண்டுகளைக் கோத்து ஒரு குழாய் ஓடியது. நான் விமர்சகன் அல்லவா? கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, "இந்தக் குழாய் நல்லா இருக்குடா, பரப்பு உடையுது, கப்பல் பெருசாத் தெரியுது" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். "அது சும்மா வெச்சது இல்ல மாமா. சாம்பல் போற பைப்பு."

"எங்கே போகுது?"

வாலில் ஒரு கதவைத் திறந்து காட்டினான். உள்ளே ஒரு சின்ன அறை. அதில் ஒற்றைக் குமிழ்க் கறுப்பு வட்டத் துண்டுகள் கொட்டி நிரப்பியிருந்தன.

"நெறஞ்சிடுச்சின்னா?" என்று கேட்டேன்.

"அதான் மாமா தெர்ல. வெளிய கொட்னா கீழ யாராச்சும் இருப்பாங்க."

நான் கலத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-ல் ஓடத் தொடங்கி 2017-ல் மூடப்பட்டது. அதற்கு வடக்கே வடசென்னை அனல் மின் நிலையம் 1994 முதல் ஓடுகிறது. அதன் நிலக்கரிச் சாம்பலை நீரில் கரைத்துக் கூழாக்கிக் குழாய் வழியாகச் செப்பாக்கம் பக்கம் உள்ள சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய்கள் ஒழுகிக் கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் சாம்பல் படிந்த விஷயம் பசுமைத் தீர்ப்பாயம்வரை போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தில் படகுகளிலும் வலைகளிலும் வீட்டுச் சுவர்களிலும் ஒட்டியது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பம் பக்கம் கடலடியில் போகிற ஒரு குழாயிலிருந்து அமோனியா கசிந்து, ஜனங்கள் மூச்சு முட்டி வீட்டைவிட்டு ஓடினார்கள். கடலுக்கடியில் அப்படியொரு குழாய் இருப்பது எங்களில் பலருக்கு அன்றுதான் தெரியும்.

'பிளேட் ரன்னர்' (1982) படத்தின் தொடக்கத்தில் நெருப்புக் கக்குகிற கோபுரங்களோடு ஒரு நகரம் இரவில் விரிகிறதே, அதற்கு இங்கிலாந்தின் வடகிழக்கில் டீஸைடு ரசாயனத் தொழிற்சாலைகளின் இரவுக் காட்சிதான் தூண்டுதல் என்று அதன் இயக்குநர் ரிட்லி ஸ்காட் சொல்லியிருக்கிறார். அவர் அந்தப் பக்கத்துக்காரர். ஆகவே விஞ்ஞானப் புனைவின் எதிர்காலம் வானத்திலிருந்து வந்ததல்ல. ஒரு தொழிற்பேட்டையின் பக்கத்தில் வளர்ந்தவன் கண்ணிலிருந்து வந்தது. மணலிப் பக்கம் இரவு பஸ்ஸில் போகிறவனுக்கு அந்தக் காட்சி ஆச்சரியமாக இருக்காது. ஆனால் ஸ்காட்டின் காமிரா அந்தக் கோபுரங்களின்மேல் மிதந்து போய்விடுகிறது. அழகாகத்தான் மிதக்கிறது. எர்ணாவூர்ப் பையனால் மிதக்க முடியவில்லை. அவன் அந்தக் கோபுரங்களுக்குக் கீழே குடியிருக்கிறான். குழாயைக் கண்டால் அது எங்கே போகிறது என்று கேட்கப் பழகிவிட்டான். உலகம் முழுக்கக் கற்கட்டுமானக்காரர்கள் அலங்காரமாக ஒட்டுகிற ஒரு துண்டை அவன் கேள்வியாக மாற்றிவிட்டான்.

இதை எச்சில் என்பீர்களா?

5

இதிலிருந்து எனக்கு ஒரு அளவுகோல் கிடைத்தது. கற்களால் செய்த விஞ்ஞானப் புனைவை மதிப்பிட மூன்று கேள்விகள் போதும்.

முதலாவது: இணைப்பு எப்படிப் பிடிக்கிறது? குமிழ் மேல்நோக்கி மட்டும்தான் இருக்கவேண்டுமென்பதில்லை. பக்கவாட்டில் குமிழுள்ள கற்களை வைத்துச் சுவரைப் படுக்கப்போடலாம், தலைகீழாகத் தொங்கவிடலாம். துண்டை வளைத்து நெரித்து உட்காரவைப்பதைக் கட்டுமானக்காரர்கள் 'சட்டவிரோத இணைப்பு' என்கிறார்கள். பார்க்க நன்றாயிருக்கும், நாளடைவில் துண்டு வெடித்துவிடும். இரண்டாவது: துண்டு தன் பழைய முகத்தோடு புது வேலையைச் செய்கிறதா, அல்லது பழையதை ஒளிக்கிறதா? மூன்றாவது: குழாய் எங்கே போகிறது? அதாவது, இங்கே காட்டியிருக்கிற உலகம் எதைத் தின்கிறது, எதைக் கழிக்கிறது, கழிப்பது யார் தலையில் விழுகிறது?

எத்தனை துண்டு, எத்தனை நீளம் என்பது கேள்வியே அல்ல. நூறு குமிழ் நீளத்துக்குக் குறையாமல் கலம் கட்ட வேண்டுமென்று ஒரு மாதம் முழுக்கப் போட்டி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நூறு குமிழ் என்றால் 80 சென்டிமீட்டர். நம்மூரில் கட்அவுட் வைக்கிறவர்கள் அதைவிடப் பெரிதாக வைக்கிறார்கள்.

மூன்றாவது கேள்வியைக் கல்லின்மீதே திருப்பவேண்டும் என்று நண்பர் சொல்வார். சொல்லட்டும், நானே திருப்புகிறேன். கல் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக், எண்ணெயிலிருந்து பிறந்தது. 1997 பிப்ரவரியில் இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அப்பால் 'டோக்கியோ எக்ஸ்பிரஸ்' கப்பலிலிருந்து 62 கன்டெய்னர்கள் கடலில் விழுந்தன. ஒன்றில் சுமார் 48 லட்சம் லெகோ துண்டுகள். கார்ன்வால் கரைகளில் அவை ஒதுங்குவது கால் நூற்றாண்டு கடந்தும் நிற்கவில்லை. கரையொதுங்கிய கற்களைச் சோதித்த பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரு கல் கடலில் 100 முதல் 1,300 வருஷம்வரை கிடக்கும் என்று 2020-ல் எழுதினார்கள். ஆகவே கல்லும் நிரபராதியல்ல. அதனால்தான் பழைய கல்லை நிறுத்து வாங்குவதைத் தவிர வேறு யோக்கியமான வழி எனக்குத் தெரியவில்லை. அலமாரியில் நிரந்தரமாக நிறுத்திவைத்த கலத்தைவிடக் கழற்றி மறுபடி கட்டிய கலத்தை நான் மேலாக நினைப்பதற்கும் இது ஒரு காரணம்.

கழற்றுவது நமக்குப் புதிதல்ல. நான் சிறுவனாயிருந்தபோது திருவொற்றியூர்க் குப்பத்தில் கட்டுமரங்கள் மிச்சமிருந்தன. கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகப் பிரித்து வெயிலில் போடுவார்கள். மறுநாள் மறுபடி கட்டுவார்கள். ஆணி கிடையாது. ஆங்கிலக்காரன் சொல்லை எடுத்துக்கொண்டு போய் வேறு எதற்கோ பெயராக வைத்துவிட்டான். மரத்தை அவிழ்க்கிறவனுக்கு, எந்த மரம் நீர் குடித்திருக்கிறது, எது நடுவில் போகவேண்டும், கயிறு எங்கே தேய்ந்திருக்கிறது என்பதெல்லாம் தினமும் கைக்குத் தெரியும்.

இப்போது நம்மிடம் வருகிறேன். நாம் யாப்பை உடைத்தவர்கள். உடைத்தது சரி. ஆனால் உடைத்தபின் இணைப்பைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டோம். வரிக்கும் வரிக்கும் நடுவே எது பிடிக்கிறது என்று ஒரு கவிதையைத் திருப்பிப் பார்த்துச் சொன்ன கட்டுரை இந்தப் பத்திரிகையில் கடைசியாக எப்போது வந்தது? பிடிப்பில்லாத இடங்களில் உணர்ச்சியைப் பசையாகப் பூசுகிறோம். காஃப்காவிலிருந்து ஒரு வராண்டா, காம்யுவிலிருந்து ஒரு வெயில், போர்ஹெஸிலிருந்து ஒரு கண்ணாடி என்று உதிரித் துண்டுகளை எடுத்து ஒட்டி, மேலே தமிழ்ப் பெயின்ட் அடிக்கிறோம். பரப்பு பெரிதாகத் தெரிகிறது. குழாய் எங்கும் போவதில்லை.

விஞ்ஞானப் புனைவில் நிலைமை இன்னும் மோசம். சுஜாதா 'என் இனிய இயந்திரா'வில் ஒரு யந்திர நாயைக் கொண்டுவந்து எண்பதுகளின் வாரப் பத்திரிகை வாசகனை எதிர்காலத்தில் உலவவிட்டார். அது சாமான்யமான காரியமல்ல. நம்மில் பலர் ஒப்புக்கொள்ளாததால் சொல்கிறேன். ஆனால் பின்னால் வந்தவர்கள் நாயின் எலும்பைத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஆண்டு 2300 என்பார்கள், எண்கள் பெயராக இருக்கும், கதவுகள் தானே திறக்கும். அந்தக் கதவுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது, அதன் சாம்பல் எந்தக் கழிமுகத்தில் இறங்குகிறது என்று ஒரு வரி இருக்காது. 2300-லும் ஒரு எண்ணூர் இருந்தாக வேண்டும். அது எந்தக் கதையில் இருக்கிறது?

பையனை மேதையாக்க எனக்கு உத்தேசமில்லை. அவன் கலத்தின் இறக்கைகள் தொங்கின. ஒரு பக்கம் இணைப்பு இரண்டு குமிழில் மட்டும் நின்றது, தூக்கினால் ஆடியது. அவனிடமே சொன்னேன், ஒப்புக்கொண்டான். முதல் கேள்வியில் அவன் தேறவில்லை. இரண்டாவதில் பாதி. மூன்றாவதில் நானும் நண்பரும் இந்தப் பத்திரிகையில் எழுதுகிற அத்தனை பேரும் அவனுக்குப் பின்னால் நிற்கவேண்டும்.

போன வாரம் மறுபடி போனேன். கலத்தைப் பிரித்துவிட்டிருந்தான். படமும் எடுக்கவில்லை. சாம்பல் அறைக்கு வழி தெரியாததால் கலம் வேண்டாமென்று முடிவு செய்து, ஒரு கிரகம் கட்டப்போகிறானாம். அதில் கலம் வந்து இறங்குகிற இடத்தில் இருக்கிறவர்கள் பக்கத்திலிருந்து பார்க்கப்போகிறானாம். சாம்பல் நிறத் துண்டு போதவில்லை, வாங்கி வாருங்கள் என்றான். சம்பளம் வந்ததும் போகவேண்டும்.

நண்பர் பதில் எழுதுவதானால் எழுதட்டும். குழந்தைகள், கம்பெனி, சினிமா மூன்றையும் விட்டுவிட்டு நாலாவதாக ஒரு வாக்கியம் எழுதட்டும்.